நாற்காலி போட்டு வைப்பவன்

காலைச் சாப்பாட்டு மேசையில் திர்ஸாவின் குறிப்பேடு விரிந்து கிடந்தது. பக்கத்தில், மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு பழைய கடிதம்.

யார்க்‌ஷரில் கம்பளி ஆலை முதலாளி க்ரௌதரின் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அவள் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. நாவல்களில் மனதைத் தொட்ட வரிகளை, வாழ்க்கை என்றும் காதல் என்றும் பிரித்து எழுதி வைப்பாள். படித்த பெண்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான். மற்றவர்கள் வரிக்குக் கீழே நூலின் பெயரையும் எழுதுவார்கள். இந்த மகராசி, தனக்கு மறக்கவா போகிறது என்று விட்டுவிட்டாள். பிள்ளைகள் அந்த ஏட்டை விளையாட்டாகத் தூக்கிப்போய் அம்மாவிடம் கொடுத்துவிட்டன.

மிஸஸ் க்ரௌதர் விரல் வைத்து ஒரு வரியைப் படித்தாள்: "நீ இல்லாத அறையிலும் உனக்கொரு நாற்காலி போட்டு வைப்பவன் நான்." பிறகு கடிதத்தைப் படித்தாள். அதிலும் அதே வரி, ஓரெழுத்துப் பிசகாமல். கல்யாணத்துக்கு முன் கணவர் எழுதியது. பதினெட்டு வருஷமாக அவள் நகைப்பெட்டியில் இருப்பது.

"இதை உங்கிட்ட சொன்னது யாரு?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

மேசையின் மறுகோடியில் மிஸ்டர் க்ரௌதர் ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். திர்ஸா அந்த வரியை எடுத்த புத்தகம் அவர் அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதர் வாயில் கொழுக்கட்டை.

முதலாளியை மயக்கியவள் என்ற பேரோடு, நற்சான்றுக் கடிதமும் இல்லாமல் வெளியே போனால் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. அப்பா அம்மா இல்லை. ஏழைகள் விடுதியில் சோற்றுக்காகப் பழங்கயிறு பிரித்தே சாகவேண்டியதுதான். திர்ஸா வாய் திறந்தாள்.

"புத்தகத்துல இருக்கும்மா. ஐயா அலமாரி, நீல அட்டை. மூணாவது தட்டுல."

மிஸஸ் க்ரௌதர் தானே போய் எடுத்துவந்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒருவேளை வேறு புத்தகமோ என்று திர்ஸாவுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

புரட்டிய கை நின்றது. வரி இருந்தது. அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் கணவரின் கையெழுத்தில் அவள் பெயர்: 'அகஸ்டாவுக்கு எழுத.'

அவள் நிமிர்ந்து திர்ஸாவைப் பார்த்தாள்.

"உன்மேல தப்பில்ல, திர்ஸா. நல்லவிதமாவே எழுதித் தர்றேன். ஆனா நாளைக்கே கிளம்பிடு. உன்னைப் பாக்குறப்பெல்லாம் எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வரும்."

திர்ஸாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

மிஸ்டர் க்ரௌதர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு அகஸ்டா. நீ இல்லாம எனக்கு என்ன இருக்கு, சொல்லு."

அவள் உட்காரவில்லை.

"இப்ப சொன்னது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டாள்.