தும்பிக்கை வைத்த வண்டி

அலியார் நானா பிக்கப்பின் இடப்பக்க மட்கார்டில் வெண்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். பிறகு ட்ரில் மெசினைக் கையில் தூக்கி, வண்டியின் சொந்தக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெட்டினா வெட்டினதுதான். நாளைக்கு வந்து ஒட்டித் தாங்க எண்டு கேக்கப்படாது."

"வெட்டுங்கோ" என்றான் யதுர்சன்.

"பொறுங்கோ" என்றாள் அவன் மனைவி சுதர்ஷினி.

சீனன்குடா வீதியில் இருந்த அந்தக் கராச்சில் காலை எட்டு மணியிலிருந்து இந்த இரண்டு சொற்கள்தான் நடந்துகொண்டிருந்தன. வெளியே மாரி மழை.

காரணம் இதுதான். வெருகல் பக்கத்தில் பட்டி வைத்திருக்கும் பாக்கியரத்தினத்திடம் எருமைத் தயிர் வாங்கி, நிலாவெளியில் உள்ள ஒரு ஹோட்டலுக்குக் கொடுப்பது புருசன் பெண்சாதி இருவரின் தொழில். போன மாதம் வெருகல் வழியில், மழைக்குத் தண்ணீர் மேலால் ஓடும் தாழ்வான சப்பாத்துப் பாலத்தில் வெள்ளம். யதுர்சன் துணிந்து இறங்கினான். பிக்கப்பின் எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் மட்கார்டுக்குள், முன்விளக்கின் உயரத்தில் இருக்கிறது. அது காற்றோடு வெள்ளத்தையும் குடித்துவிட்டு நடு வழியில் நின்றது. ஐந்து நாள் கராச்சில் கிடந்தது வண்டி. தயிர் புளித்தது. ஹோட்டலில் சாமான் வாங்கும் அதிகாரி, "இன்னொரு நாள் பிந்தினால் கந்தளாய்த் தயிர்தான், குறை நினைக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்பவர்கள் செய்வார்கள்.

அதனால் யதுர்சனுக்கு ஒரே யோசனை: காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மட்கார்டில் ஓட்டை போட்டு, கண்ணாடியின் ஓரமாக மேலே ஏறும் கறுப்புக் குழாய் ஒன்றைப் பூட்ட வேண்டும். அதற்கு ஸ்நோர்க்கல் என்று பெயர். ஊர் அதைத் தும்பிக்கை என்கிறது.

"இதைப் பூட்டினா வெள்ளத்துக்க போகலாமோ நானா? உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள் சுதர்ஷினி.

"எஞ்சின் சாகாது, தங்கச்சி. அவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு. இழுவை கூடின தண்ணி எண்டா, எஞ்சின் ஓட ஓட வண்டியைக் கடலுக்குக் கொண்டுபோகும்."

"பாத்தீங்களோ?" என்று புருசனைப் பார்த்தாள்.

"எஞ்சின் சாகாது எண்டு சொன்னவர்தானே?" என்றான் அவன். ஒரே வாக்கியத்தின் பாதியை அவளும் மற்றப் பாதியை அவனும் எடுத்துக்கொண்டார்கள். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருசம்.

அந்த நேரத்தில்தான் குலசிங்கத்தாரின் வெள்ளை டபுள் கெப் வண்டி வந்து நின்றது. அவர் சமாதான நீதவான். அதோடு கிழக்குக் கரை இலகு வாகன உரிமையாளர் நலன்புரி ஒன்றியத்தின் தாபகத் தலைவர். அந்தப் பெயரைக் கடிதத் தலைப்பில் அச்சடித்தால் கடிதம் எழுத இடம் மிஞ்சாது. ஆனபடியால் அவர் கடிதம் எழுதுவதில்லை, பேசுவார். அவர் வண்டியின் இடப்பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு தும்பிக்கை. திருகோணமலையில் முதல் தும்பிக்கை தன்னுடையதுதான் என்று அவர் மூன்று பொதுக்கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். மறுக்க ஆள் இல்லை. மூன்று கூட்டத்துக்கும் வந்த ஆட்கள் ஒரே ஆட்கள்.

"தம்பி, வெட்டும்! யோசிக்கிறவன் கரையில நிப்பான், தும்பிக்கை வைச்சவன் அக்கரையில நிப்பான். போன வருச வெள்ளத்தில நான் போன படம் பாத்தனீர்தானே?"

"பாத்தனான் அண்ணை. கதவு உயரத்துக்குத் தண்ணி!" யதுர்சனின் முகத்தில் ஒரு பக்திக் களை.

சுதர்ஷினியின் போன் அடித்தது. அக்கரையிலிருந்து பாக்கியரத்தினம்.

"பிள்ளை, பாலத்தில தண்ணி ஏறுது. எண்பது சட்டியும் இஞ்ச ரெடி. பத்து மணிக்குள்ள வந்தால் உண்டு, இல்லாட்டி இண்டைக்கு ஏலாது."

தயிர் நாலு மணிக்கு நிலாவெளி ஹோட்டல் குசினிக்குள் இருக்க வேண்டும். அலியார் ட்ரில்லைக் கீழே வைத்தார். "இப்ப வெட்டினாலும் பசை காய ஒரு நாள் வேணும்."

"ஏன் கவலை?" என்றார் குலசிங்கத்தார். "நானும் வெருகலுக்குத்தான். பரிசளிப்பு விழா, பிரதம விருந்தினர். என்ர வண்டி தண்ணியைப் பிளந்துகொண்டு போகும், நீர் அந்தத் தடத்தில பின்னால வாரும். ஒரு சொட்டு ஏறாது."

அலியார் எதையோ சொல்ல வாயெடுத்து, யதுர்சன் ஏற்கெனவே ஸ்டியரிங்கில் இருப்பதைக் கண்டு, வாயை மூடிக்கொண்டார். சுதர்ஷினி ஓடிப்போய் ஏறினாள்.

பத்து மணிக்குச் சற்று முன்னர் பாலத்தடிக்கு வந்தபோது பாலத்தைக் காணவில்லை. மண்ணிறத் தண்ணீர் வலமிருந்து இடமாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் ஓரக் கட்டைகளின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒரு முழு மரக்கொப்பு மிதந்து வந்து, கட்டையொன்றில் முட்டி, ஒரு நிமிடம் யோசித்து, பிறகு சரக்கென்று இழுபட்டுப் போனது. அக்கரையில் ஒரு கொட்டிலின் கீழ் பாக்கியரத்தினமும் சட்டிகளும் சிறிதாகத் தெரிந்தார்கள்.

இக்கரையில் இருபது பேர் குடையோடு நின்றார்கள்.

"தலைவர் வந்திட்டார்! விடுங்கோ, விடுங்கோ! தும்பிக்கைக்கு வழி விடுங்கோ!"

"அண்ணை, உங்களுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியோ?"

குலசிங்கத்தார் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினார். தண்ணீரைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார். கைப்பேசியைக் காதில் வைத்து, "ஓம், ஓம், சொல்லுங்கோ" என்றார். அது அடித்ததை ஒருவரும் கேட்கவில்லை.

பத்தடி பின்னால் யதுர்சன் கியரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சுதர்ஷினி இறங்கித் தலைவரின் வண்டியடிக்குப் போனாள். அவர் போனை முடிக்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. நிற்கும்போது தும்பிக்கையின் வாயைப் பார்த்தாள். மழை காற்றோடு சேர்ந்து நேராக அதற்குள் அடித்துக்கொண்டிருந்தது.

தயிர் விற்கிறவளுக்கு வாய் திறந்த பாத்திரத்தில் மழை விழுவதைக் கண்டு சும்மா நிற்க ஏலாது. கை மனதைக் கேட்காது. பையிலிருந்து சட்டிக்குக் கட்டும் பொலித்தீன் துண்டொன்றை எடுத்தாள். ஏறு படியில் கால் வைத்து எட்டி, அந்த வாய்க்கு மேல் விரித்தாள். றப்பர் பாண்டை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். தினமும் எண்பது தரம் செய்கிற வேலை. எல்லாம் ஐந்து நொடி.

இறங்கிய பிறகுதான் யோசித்தாள். எஞ்சின் மூச்சு இழுக்கிற வாயல்லவா அது? இப்போது திணறி நிற்குமே! தலைவர் ஊரைக் கூட்டுவாரே!

எஞ்சின் நிற்கவில்லை. திணறவுமில்லை. பொலித்தீன் உள்ளே குழியக்கூட இல்லை. மழைத்துளி விழுந்து பட்பட்டென்று மேளம் தட்டியது. வண்டி மிகவும் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

சுதர்ஷினி திரும்பினாள். குலசிங்கத்தார் போனைக் காதிலிருந்து எடுத்திருந்தார். முகத்தில் இருந்த ஒன்றியம், தாபகர், நீதவான் எல்லாம் போய், அறுபது வயது மனிதர் ஒருவர் நின்றார்.

"தங்கச்சி" என்றார் மெல்ல. "அதைக் கழட்டுங்கோ."

"இந்தக் குழாய் எங்க போகுது அண்ணை?" என்று கேட்டுக்கொண்டே படியில் ஏறிப் பொலித்தீனைக் கழற்றினாள்.

"எங்கயும் போகேல்ல. அப்ப புது வண்டி. ஓட்டை போட மனம் வரேல்ல. நாலு ஸ்க்ரூவும் கொஞ்சம் பசையும்தான்."

"அப்ப போன வருசப் படம்?"

"தண்ணி வடிஞ்சாப் பிறகு... ரோட்டோரத்தில ஒரு பள்ளம் இருந்தது."

பின்னால் யதுர்சன் ஹோர்ன் அடித்தான், நீளமாக. "என்ன கதை அங்க? தண்ணி ஏறுது! தலைவர் அண்ணை, இறங்குவம்!"

"இப்ப இறங்கப் போறீங்களோ?" என்று கேட்டாள்.

அவர் குடைகளைப் பார்த்தார். "இவ்வளவு பேர் பாக்கினம், தங்கச்சி" என்றார். வெள்ளத்தைவிட அந்த இருபது பேரே அவருக்கு ஆழம். அவர் கை கதவுப் பிடியை நோக்கிப் போனது. மெய்யாகவே இறங்கப்போகிறார் என்று அவளுக்கு விளங்கியது.

அதற்குள் யதுர்சனுக்குப் பொறுமை போய்விட்டது. பிக்கப் டபுள் கெப்பைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்தது. முன் சில்லுகள் தண்ணீருக்குள் இறங்கின. சுதர்ஷினி ஓடிப்போய் முழங்காலளவு தண்ணீரில் நின்று வண்டியின் முன்மூடியில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"நிப்பாட்டுங்கோ!"

"விலத்தும்! எண்பது சட்டி அங்கால கிடக்கு!"

"நிப்பாட்டுங்கோ எண்டு சொல்றன்!"

"தும்பிக்கை வைச்ச மனுசன் பக்கத்தில நிக்கேக்க உமக்கு என்ன பயம்?"

வண்டி ஒரு முழம் முன்னே வந்தது. அவள் காலடியில் மண் கரைந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பித் தலைவரைப் பார்த்தாள். அவளால் இருபது பேருக்கும் கேட்கக் கத்தியிருக்க முடியும். ஆனால் யதுர்சன் பெண்சாதி சொல்லை நம்பி நிறுத்துகிறவனல்ல, தலைவர் சொல்லை நம்புகிறவன். அந்தத் தலைவரைக் கவிழ்த்தால் யார் சொல்லி நிறுத்துவது?

"அண்ணை! நீங்கள் சொல்லுங்கோ. உங்கட வாயால. சொன்னா நான் ஒண்டும் காணேல்ல."

குலசிங்கத்தார் தொண்டையைச் செருமினார். கை மேலே உயர்ந்தது.

"நில்லும் தம்பி! தலைவர் எண்ட முறையில் உத்தரவிடுகிறேன்! இந்தப் பாலத்தில் இன்றைக்கு இலகு வாகனம் எதுவும் இறங்கப்படாது!"

பிக்கப் நின்றது. பின்னுக்கு வந்தது. சுதர்ஷினி தண்ணீரிலிருந்து கரைக்கு ஏறினாள்.

"இலகு வாகனம் இறங்கப்படாது எண்டா," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, "பாரமான வாகனம் இறங்கலாம்தானே அண்ணை?"

கரையில், ஆட்களையும் சாமானையும் ஏற்றிக் கடத்தும் இராகுலனின் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு நின்றது. காலையில் இரண்டு முறை கடந்து வந்தவன். மூன்றாவது முறை மாட்டேன் என்று நின்றான். முன்னொரு நாள் ஒருவரின் கோழித்தீன் மூட்டை நனைந்து, அந்த ஆள் முறைப்பாடு வைத்திருந்தாராம். "பொறுப்பு எண்டு ஆராவது எழுதித் தரவேணும். சீல் குத்தி."

எழுதித் தரவேண்டும், சீல் குத்தி! பதினொரு வருசமாகக் குலசிங்கத்தாரின் டாஷ்போர்டில் அந்தச் சொல்லுக்காகவே ஒரு றப்பர் முத்திரை காத்துக் கிடந்தது. கடிதத் தலைப்பின் மூலையில் மிஞ்சியிருந்த இடத்தில் நாலு வரி எழுதி, குடையின் கீழ் முத்திரை குத்தி, திகதியிட்டுக் கொடுத்தார். அவசரத்தில் முத்திரை இரண்டாக விழுந்தது. இராகுலனுக்கு அது இன்னும் பலமாகப் பட்டது.

உழவு இயந்திரம் இறங்கியது. பெரிய சில்லின் பாதிவரை தண்ணீர். நடுவில் பெட்டி ஒரு பக்கம் இழுபட்டது. யதுர்சன் சுதர்ஷினியின் கையைப் பிடித்தான். பிடித்ததை அவன் அறியவில்லை. இராகுலன் இழுவைக்கு எதிராக ஸ்டியரிங்கை முறித்துப் பிடித்தபடி கட்டை கட்டையாகக் கடந்தான். போய், சட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வர முக்கால் மணி. ஏழு சட்டி உடைந்திருந்தது. எழுபத்து மூன்று பிக்கப்பில் ஏறின.

"அந்த உழவு மெசின் இல்லாட்டி இண்டைக்கு முடிஞ்சுது" என்றான் யதுர்சன், பாலத்தைப் பார்த்தபடி. பிறகு தலைவரிடம் திரும்பினான். "அண்ணை, பின்னேரம் போய் நானாவிட்ட வெட்டச் சொல்லட்டோ? நீங்கள் சொன்னாச் சரி."

சுதர்ஷினி தலைவரைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

குலசிங்கத்தார் கைகளைப் பின்னால் கட்டினார். கடற்காற்று உப்பு, மட்கார்டுத் தகடு, துருப்பிடித்தல், காற்றழுத்தம், காற்று இழுக்கும் வாயை ஜப்பான்காரன் கீழே வைத்ததற்கான காரணம் என்று கால் மணி நேரம் பேசினார். அதில் உண்மையாக இருந்தது உப்பு மட்டும்தான். "ஆனபடியால், தயிர்த் தொழிலுக்குத் தும்பிக்கை பொருந்தாது, தம்பி. அதுக்கு வண்டியில ஒரு பாரம்பரியம் வேணும்."

"அதுதானே" என்றான் யதுர்சன். காலையிலிருந்து பெண்சாதி சொன்னதை இப்போதுதான் அவன் முதன்முதலாகக் கேட்டான்.

சுதர்ஷினி போனை எடுத்து, "நானா, வெட்ட வேண்டாம்" என்றாள். அந்தப் பக்கத்தில் அலியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், கூலி போகிறதென்ற கவலை கொஞ்சமும் இல்லாமல்.

அவள் வண்டியில் ஏறக் கால் வைத்தபோது தலைவர் பக்கத்தில் வந்தார். குரலை வெகுவாகத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அலியார் வெள்ளிக்கிழமை திறப்பாரோ?"

"ஜும்மா முடிஞ்சாப் பிறகு திறப்பார் அண்ணை."

"ட்ரில் சத்தம்... ரோட்டுக்குக் கேக்குமோ?"

"சீனன்குடாவரை கேக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நிலாவெளிக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது.