கொடியும் திருநீறும்

குளிப்பாட்டிக் கிடத்திய சென்னிமலையின் நெற்றிக்குத் திருநீற்றுத் தட்டோடு வந்த அவருடைய அண்ணனை அங்கப்பன் மறித்துவிட்டார். அங்கப்பன், செத்தவருக்கு மச்சினர். அக்காவுக்குக் கோடிச்சேலை கொண்டுவந்த பையிலேயே மச்சானின் பழைய கட்சிக் கொடியையும் மடித்து வைத்திருந்தார்.

"கருப்புச் சட்டை போட்டு ஜெயிலுக்குப் போன மனுசனுக்குத் துண்ணூறாங்க?"

"அதெல்லாம் அந்தக் காலம். போன வருசம் காவித் துண்டு போட்டுட்டுப் புள்ளையார் ஊர்வலத்துல முன்னால போனது ஆரு?"

"செரி, கயலு சொல்லட்டும். நீ சொல்லு கண்ணு," என்றார் அங்கப்பன்.

எல்லோரும் செத்தவரின் மகளைப் பார்த்தார்கள். என்னத்தைச் சொல்வாள்! கயல்விழி என்ற பேரே கட்சி மேடையில் வைத்ததுதான். முக்காலியில் ஏற்றிவிட்டு, 'சாமி இல்லை' என்று பேசப் பழக்கியவர் அப்பா. அவளும் நம்பினாள். தாலி இல்லாமல்தான் கல்யாணம் செய்துகொண்டாள். அவளை அப்படி அனுப்பிவைத்துவிட்டு, மனுஷன் கட்சி மாறினார், பச்சைத் துண்டு போட்டார், அப்புறம் காவிக்குப் போனார். ஏனுங்கப்பா என்று கேட்டதற்கு, "காலம் மாறிப்போச்சு அம்மணி" என்று டி.வி.யைப் போட்டுவிட்டார். அந்தக் கோபத்தில் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கமே அவள் வரவில்லை. இந்தப் பொங்கலுக்கு வந்து கேட்டே தீர்வது என்றிருந்தாள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தலைமாட்டில் இருந்த அம்மாவிடம் குனிந்தாள்.

"அப்பா ஏம்மா மாறினாரு?"

ராசாத்தாள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "எனக்கென்ன கண்ணு தெரியும்? சாமி இல்லீன்னு ஊரெல்லாம் பேசிப்போட்டு வந்த காலத்துலயும் எனக்குப் பூ வாங்கிட்டு வருவாரு. சாமிக்கும் கொஞ்சம் வெச்சுருன்னுதான் குடுப்பாரு."

"அப்ப எனக்குச் சொன்னதெல்லாம்?"

அம்மா அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள்.

கயல்விழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வெளியே பாடை கட்டி முடித்துவிட்டார்கள். மாமாவும் பெரியப்பாவும் கொடியும் தட்டுமாக அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கொடியப் போத்துங்க மாமா," என்றாள். பிறகு பெரியப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

குனிந்தவள் நின்றுவிட்டாள். இதுவரை யாருக்கும் அவள் பூசியதில்லை. ஒரு விரலா, உள்ளங்கையா, ஒன்றும் தெரியவில்லை.

ராசாத்தாள் எட்டி மகளின் கையைப் பிடித்து, மூன்று விரல்களைச் சேர்த்துக் கொடுத்தாள்.