ஏழாம் பாத்திக்குப் போகாத எரு

ஊருக்கு வெளியே குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் இடத்தில் மட்கிய சாணத்தைச் சும்மாவே அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மூத்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடியிருப்புக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மனையில் இருபது பேர் சேர்ந்து போட்டிருந்த தோட்டத்துக்கு உரம் பார்ப்பது அவள் பொறுப்பு. பிழைப்புக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர் எந்தக் கோழிக்கிறுக்கல் கிறுக்கினாலும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். மாத்திரை மாற்றிக் கொடுத்தாள் என்று பதினெட்டு வருடத்தில் ஒரு பேச்சு கிடையாது. அதனால்தான் உரத்தை அவளிடம் நம்பி விட்டிருந்தார்கள்.

ரசாயனம் ஒரு சொட்டுகூட உள்ளே வரக்கூடாது என்பது தோட்டத்தின் முதல் விதி. வந்தால் கொண்டுவந்தவர் பாத்தியை விட்டு வெளியே போக வேண்டும். வெளியிலிருந்து எந்த எரு வந்தாலும் ஆறு தொட்டியில் நிரப்பி, பீன்ஸ் விதை ஊன்றி, மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் பாத்திகளில் போட வேண்டும் என்பது அடுத்தது. மாடோ குதிரையோ தின்ற புல்லில் களைக்கொல்லி அடித்திருந்தால், அது வயிற்றையும் தாண்டி எருக்குழியையும் தாண்டி அப்படியே மண்ணுக்கு வந்து சேரும். புல்லை ஒன்றும் செய்யாது. பீன்ஸ், தக்காளி, கத்தரி என்றால் இலையைச் சுருட்டிவிடும். இதையெல்லாம் எழுதித் தோட்டத்துக் கதவில் ஒட்டியவளே மூத்தவள்தான்.

எரு லாரி வந்த அன்று, நான்கு நாளில் மழை பிடித்துவிடும் என்றார்கள். மூன்று வாரம் காத்திருந்தால் விதைக்கும் பருவம் கைநழுவிப் போகும். மூத்தவள் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். நல்ல கருப்பு, லேசான சூடு, மழை விழுந்த மண்ணின் வாசனை. இதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்றது மனம். தன் மனம் தன்னிடம் பொய் சொல்லாது என்று அவளுக்கு ஒரு எண்ணம் எப்போதும் உண்டு.

தள்ளுவண்டியில் நிரப்பி ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் தானே கொட்டிக்கொண்டே போனாள். ஏழாம் பாத்தி வந்தபோது கை நின்றது.

ஏழாம் பாத்தி இளையவளுடையது. கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் கீழே மூத்தவள், மாடியில் அவள். சலவைக்கடையில் நின்றபடியே பத்து மணி நேரம் ஊரார் சட்டைகளுக்கு இஸ்திரி போடுபவள். வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. யார் வந்தாலும் எழுந்துகொள்வாள். விடியற்காலையில் தோட்டத்தில் கழிகிற அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடையது. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். மூத்தவள் அதைக் கவனித்திருக்கிறாள். பாத்தி வாங்கிக் கொடுத்தவளே அவள்தானே.

போன அறுவடையின்போது தோட்டத்துக்குத் தலைவராக இருக்கும் டிரைவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், இளையவளின் கத்தரிக்காய் ஒன்றை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "மருந்துக்கடையம்மா, நீங்களும் கொஞ்சம் இவகிட்ட டியூஷன் போங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள். இளையவள் மட்டும் சிரிக்காமல், "அக்கா சொல்லிக்குடுத்ததுதான்" என்றாள். அதைத்தான் மூத்தவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேலி செய்தவரை அன்றே மறந்துவிட்டாள். பெருமையை விட்டுக்கொடுத்தவளை மறக்க முடியவில்லை.

தள்ளுவண்டி ஏழைத் தாண்டி எட்டுக்குப் போனது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாள் எரு மிச்சமில்லை. இளையவள் கேட்கவும் இல்லை.

மழை சொன்னபடி வந்தது. ஐந்தாவது வாரம் பத்தொன்பது பாத்திகளிலும் பீன்ஸின் நுனி இலைகள் கிண்ணம்போலக் குவிந்தன. தக்காளிக் கொழுந்து முறுக்கிக்கொண்டு, நோயில் படுத்தவனின் விரல்களைப்போல் மடங்கியது. ஏழாம் பாத்தியில் மட்டும் செடிகள் ஒரு குறையும் இல்லாமல் நிமிர்ந்து நின்றன. அதன் வரப்பில் ஒரு புல்லும் இல்லை. இளையவள் தினமும் ஒவ்வொன்றாக விரலால் பிடுங்குவாள். ஆனால் அந்த நேரத்தில் பார்ப்பதற்கு வேறு யார் விழித்திருந்தார்கள்?

களைக்கொல்லி என்ற சொல்லை முதலில் சொன்னவர் மூன்றாம் பாத்திக்காரரான முடிவெட்டுபவர். இளையவள் தன் வரப்புக்கு அடித்திருக்கிறாள், காற்று எங்கள் பக்கம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்றார். இரண்டே நாளில் அது எல்லாருக்கும் கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் மட்டும் மருந்துக்கடைக்கு வந்து, இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் கேட்டார்.

"எருவ பீன்ஸ் போட்டுப் பாத்தீங்கல்ல?"

"பாக்காம விடுவேனாண்ணே, லாரி வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஒரு சாக்கு கொண்டாந்து பாத்தாச்சு" என்றாள் மூத்தவள். பாட்டிலை உறையில் போட்டு, எத்தனை வேளை, எவ்வளவு என்று விளக்கிச் சொன்னாள். குரல் பிசகவே இல்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கே பயமாக இருந்தது.

லாரி நின்ற இடத்தில் சிந்திக் கிடந்த எருவைச் சுரண்டி எடுத்துவந்து, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இரண்டு தொட்டியில் பீன்ஸ் ஊன்றினாள். பன்னிரண்டாம் நாள் இலைகள் சுருண்டே பிறந்தன, இறுக்கி மூடிய கைகளைப்போல. தொட்டிகளைப் பையில் சுற்றி, இரண்டு தெரு தள்ளியிருந்த குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வரும்போது, உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். எல்லாரும் திட்டுவார்கள். பாத்தி போகும். கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் இனி அட்டையை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்கு வந்ததும் மனம் அதற்கு மேல் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே கூடினார்கள். இளையவள் சலவைக்கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். முடிவெட்டுபவர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, தனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது என்றாள். அதைச் சொல்வதற்கும் மூத்தவளைப் பார்த்து அனுமதி கேட்பதுபோல் நின்றாள்.

"என் பாத்திக்கு அந்தக் குதிர எரு வரல. அதான் வித்தியாசம்னு நெனைக்கிறேன். அக்காவக் கேளுங்க, தெரியும்."

எல்லாரும் மூத்தவள் பக்கம் திரும்பினார்கள். அவளுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், சொல்லிவிட வேண்டும்போல் வந்தது. வந்தது உண்மைதானா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை. அவளைப் பார்த்த அத்தனை கண்களிலும் நம்பிக்கை இருந்தது. அதை இழப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"எல்லாருக்கும் போட்ட மாதிரிதான் அவளுக்கும் போட்டேன்" என்றாள். பிறகு யாரும் கேட்காமலேயே, தாழ்ந்த குரலில், பரிவாக, "அவளுக்குக் கொஞ்சம் மறதி ஜாஸ்திண்ணே. வேலை அப்படி. வீட்டுலயும் இப்படித்தான், பாவம்" என்றாள்.

இளையவள் தோண்டிப் பார்க்கச் சொன்னாள். முடிவெட்டுபவர் கையை மண்ணுக்குள் விட்டு அள்ளினார். இலைச் சருகை மட்கவைத்து அவளே சேர்த்த மண், கன்னங்கரேலென்று இருந்தது. அதில் எது குதிரை எரு, எது சருகு என்று சொல்ல யாராலும் முடியாது. "இந்தா, எரு இல்லாம மண்ணு இப்படியா இருக்கும்?" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. மூத்தவளை இன்னொரு தடவை பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்துக்கொண்டார்.

இளையவள் பாத்தியை விட்டுவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ரசாயனம் அடித்த பாத்தியின் மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி வெளியே கொட்ட வேண்டும் என்பதும் விதி. காய்த்துக்கொண்டிருந்த செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். கை நிறையப் பூ. யாரும் ஒரு காயும் எடுத்துக்கொள்ளவில்லை, விஷம் என்றார்கள். இளையவளே மண்வெட்டியை வாங்கி வெட்டினாள். அந்தத் தோட்டத்தில் சுத்தமாக மிச்சமிருந்த ஒரே மண் அதுதான் என்பது அங்கே நின்றவர்களில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பதினான்கு சாக்கு சுமந்து தெருமுனையில் கொட்டினார்கள். ஓர்ப்படி என்றால் இப்படி இருக்க வேண்டும், தப்பு செய்தவளையும் கைவிடவில்லை பார் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. மூத்தவளுக்கு வெட்கமாக இல்லை. இதமாக இருந்தது. இந்த இதத்தை அவள் அதற்குப் பிறகு பல நாள் தனக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் இதமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து மாடிப்படிக்கு அடியில் இருந்த குழாயில் இளையவள் கால் கழுவினாள். நகக்கண்ணில் ஏறிய மண் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூத்தவள் உள்ளே போகக் கதவைத் திறந்தபோது கூப்பிட்டாள். சண்டைக்கு வருகிறாள் என்று மூத்தவள் உடம்பை இறுக்கிக்கொண்டாள். வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நேத்துகூட கடையில ஒரு சட்டைய ரெண்டு தடவ தேச்சுட்டேன், அக்கா" என்றாள் இளையவள். முகத்தில் கோபம் இல்லை. எதையோ எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவளின் முகம். "வண்டியோட கொட்டிட்டுப் போனீங்களா, இல்ல சாக்குல வச்சீங்களா? அத மட்டும் சொல்லுங்க. சொன்னா ஞாபகம் வந்துரும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவள் குனிந்து அதை மூடினாள்.

"வண்டியோடதான்" என்றாள். "தலைமாட்டுல கொட்டினேன். நீதான் மறுநாள் காலைல வந்து பரப்பிவிட்ட."

இளையவள் கண்ணை மூடி யோசித்தாள். நெற்றி சுருங்கியது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஆமா" என்றாள். "கொஞ்சம் சூடா இருந்துச்சுல்ல?"

"ஆமா" என்றாள் மூத்தவள். "சூடா இருந்துச்சு."