லிஃப்ட் கதவில் ஒட்ட வேண்டியது

'நித்தியத்தின் வாசலில்' என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தைக்காக வெலிசார் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தபோது, அக்கா டாஃபினா தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள். கையில் சாவுச் சடங்குக்கு வேகும் கோதுமையைக் கிளறிய கரண்டி.

"எந்த வாசல்லடா? அப்பா ஹால்ல படுத்திருக்கார்."

அந்த வரியை அடித்தான். அதற்கு முன் அடித்தவை 'ஒளி', 'பேராறு'. லிஃப்ட் மெக்கானிக் அப்பாவின் சாவுக்குள் ஆறு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

செவ்லியேவோ ஊரில் ஒருவர் செத்தால், படம் போட்ட நோட்டீஸ் கட்டட வாசலிலும் பஸ் ஸ்டாப்பிலும் ரொட்டிக் கடைப் பக்கத்து மரத்திலும் ஏறியாக வேண்டும். அதுவரை ஊர் நம்பாது. அச்சகம் நாலு மணிக்கு மூடிவிடும். நாளைக் காலையில் அடக்கம். அச்சகத்தில் ஆயத்த வரிகள் உண்டு, நம்பர் சொன்னால் போதும். ஊரில் பாதிப் பேர் ஏழாம் நம்பரோடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அப்பா கான்சோ கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "எனக்கு ஏழாம் நம்பர் வேணாம். என் பையன் எழுதுவான்."

பையனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இளமையில் ஒரு நாவல் எழுதினான், பரிசு கொடுத்தார்கள், அத்தோடு சரி. அதன்பின் எழுதாமலிருப்பது பற்றிப் பேட்டி கொடுத்தே காலம் ஓடியது. தன்னுடையது தேக்கமல்ல, மொழி விரதம் என்று தலைநகர் சோஃபியாவில் ஒரு கருத்தரங்கில் விளக்கினான். கைதட்டினார்கள். அப்பா மட்டும் ஞாயிறுதோறும் போனில் கேட்பார்.

"ஏதாச்சும் எழுதினியா?"

"வந்துட்டிருக்குப்பா."

"சரி, வரட்டும்."

எழுந்து ஹாலுக்குப் போனான். பெட்டிக்குள் அப்பா நல்ல கோட்டில் கிடந்தார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. அழுகை வருமா என்று பார்த்தான். 'மெழுகு போல' என்று ஓர் உவமைதான் வந்தது. அதுவும் பழசு.

"மூணேகால் ஆச்சு," என்றாள் டாஃபினா. "ஏழாம் நம்பரே போடச் சொல்லிடறேன். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"நினைப்பாங்க."

"அப்பாவையா, உன்னையா?"

கேட்டுவிட்டு அவள் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அழைப்பு மணி அடித்தது. ஆறாம் மாடி ஸ்டாமென்கா, உருளைக்கிழங்குப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நீ எப்ப வந்தே? லிஃப்ட் மறுபடியும் மூணாவது மாடியில நின்னு தொலைச்சிடுச்சு. அப்பாவைக் கொஞ்சம் வரச் சொல்லு. சாப்பிட்டுட்டே வரட்டும், அவசரமில்ல."

"அப்பா இறந்துட்டார். நேத்து, தூக்கத்துலேயே."

"நோட்டீஸ் ஒட்டலியே?" குரலில் சந்தேகம் இருந்தது.

"இன்னும் ஒட்டல. நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம். வாங்க. லிஃப்டை இனிமே அவர் பாக்க மாட்டார்."

"அப்ப நான் யாரைக் கூப்பிடறது?" சண்டைக்கு வந்தவள் போலக் கேட்டாள். பிறகு பையை நிலைப்படியோரம் வைத்துவிட்டு, முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு ஹாலுக்குள் போனாள்.

வெலிசார் மேஜைக்குத் திரும்பினான். எழுதினான். எதையும் அடிக்கவில்லை. டாஃபினா ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள்.

'எங்கள் அப்பா கான்சோ இறந்துவிட்டார். தூக்கத்தில். நாளை பதினோரு மணிக்கு அடக்கம். வாருங்கள். லிஃப்டை இனி அவர் பார்க்க மாட்டார்.'

இரண்டு தரம் படித்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்குப் பரிசெல்லாம் தரமாட்டாங்க," என்று கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

இருட்டும் நேரத்தில் அவனே பசை வாளியோடு சுற்றி வந்தான். பஸ் ஸ்டாப்பில் ஒட்டியதை இரண்டு பேர் நின்று படித்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். யார் எழுதியது என்று இருவரும் கேட்கவில்லை.

கடைசித் தாள் தரைத்தளத்து லிஃப்ட் கதவுக்கு. படத்தில் அப்பாவின் மீசை மேல் காற்று உப்பியிருந்தது. கட்டை விரலால் நீவி விட்டான். கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போவதற்காகப் பொத்தானை அழுத்திவிட்டு நின்றான்.

கதவுக்கு மேலே மூன்று என்ற எண் எரிந்துகொண்டிருந்தது.