ஒட்டுப் போட்ட பாராசூட்

"புது ஆளுக்குப் பெரிய பாராசூட்தான் சரி, மெதுவா இறக்கும்" என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொன்னார். கருணாகரன் கேட்டால்தானே! தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கிளப்பின் பாராசூட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். அங்கங்கே ஒட்டு.

"எங்க வீட்ல ஒட்டுப் போட்டதை யாரும் தொட மாட்டோம். தேசப்பனுக்குக் குடுங்க" என்றான். கூடப் பயிலும் மீனவ இளைஞன் தேசப்பன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

கருணாகரன் வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தான். சின்னது, வேகமானது, பட்டு மாதிரி வழுக்கியது. புதுத்துணி என்று அம்மா பேச்சியம்மாள் அதன் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். சடங்கில் குறையில்லை, புத்தியில்தான்.

கொட்டிவாக்கம் கடற்கரையில் குடும்பமே கூடி நின்றது. காற்றை எதிர்த்து இறங்க வேண்டியவன், அவர்களைப் பார்த்தபடி இறங்கும் ஆசையில், தரைக்கு மிக அருகில் சடாரென்று திரும்பினான். பின்காற்று அவனைத் தூக்கி எறிந்தது. காயப்போட்ட நெத்திலிமேல் உருண்டு எழுந்தபோது கால்சட்டை பின்னால் முழுதாகக் கிழிந்திருந்தது. கொக்கியைக் கழற்றியதும் புது பாராசூட் கடலுக்குப் பறந்தது. சொந்தக்காரர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

பூப்போல இறங்கியிருந்த தேசப்பன், அந்த ஒட்டுப் போட்ட பாராசூட்டைச் சுருட்டிக்கொண்டு முதலில் வந்துவிட்டான்.

"இத்த சுத்திக்க நைனா. உங்க ஊட்டாளுங்க வராங்கோ."

அவன் சிரிக்கவே இல்லை.

பேச்சியம்மாள் மகனின் இடுப்பைச் சுற்றியிருந்த துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏலே, இது யாரு துணி?"

தேசப்பன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.