பாலத்துக்கு அடியில் ஷம்ஷி

முதல் லாரி கடந்து போன பிறகும் நாரின் ஆற்றுப் பாலத்தின் நடுப்பகுதி பழைய மட்டத்துக்கு எழும்பவில்லை. அளவு கருவியை இரண்டு முறை பார்த்துவிட்டுப் பெகாயிம் சிவப்புக் கொடியைத் தூக்கினாள். பாலத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரன் ஷம்ஷி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வீட்டுப் பெண் கையெழுத்துப் போடாமல் எங்கே போய்விடுவாள் என்று பாரச் சோதனைக்குப் பொறியாளராக அவளையே கேட்டு வாங்கியிருந்தான், மகா புத்திசாலி!

“நாளைக்கு இதுமேல ஸ்கூல் பஸ் போகணும்ணா. தாங்காது.”

பளாரென்று அறை விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

“நாரின் ஆத்தங்கரை பூரா பாத்துக்கிட்டு நிக்குது, என் மானத்த வாங்குறியாடி? கட்டினவன் அடியில நிக்கணும், அதான நம்ம வழக்கம்? நான் நிக்கிறேன். டேய், ரெண்டாவது வண்டிய ஏத்துடா!”

சொன்னபடியே சரிவில் இறங்கி, நீர் வற்றிக் கிடந்த படுகையில் பாலத்தின் நடுப்பகுதிக்கு அடியில் போய் நின்றுகொண்டான். கரையில் இருந்த கம்பளித் தொப்பிகள் எல்லாம் கைதட்டின. சரளைக்கல் குவித்த லாரி உறுமிக்கொண்டு வந்தது. முதல் வண்டியைவிட இரண்டு மடங்கு பாரம் அதில்.

பெகாயிம் கொடியை எறிந்துவிட்டுப் பெரிய ஸ்பேனரை எடுத்தாள். குறுக்கே பாய்ந்து முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். அது நொறுங்கி ஓட்டுநரின் முகத்தில் கொட்டியது. அவன் பிரேக்கை மிதித்து, குதித்து இறங்கி, அவள் வயிற்றில் உதைத்தான். அவள் அவன் முழங்காலைப் பெயர்த்தாள்.

அலறல் கேட்டு ஷம்ஷி மேலே ஏறி வந்தான்.

“பாத்தீங்களா? வண்டி போனா பாலம் நிக்கும்னு தெரிஞ்சுதான் மறிக்கிறா, பொறாமை புடிச்ச கழுதை!”

கூட்டம் சிரித்தது. அவனைக் காப்பாற்றப் போய் அவன் பொய்யையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. இனிப் பேசிப் பயனில்லை. பாலத்தின் மேலும் கீழும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். லாரியில் ஏறினாள். ஆக்ஸிலரேட்டர் மேல் ஒரு கல்லை வைத்து, கியரைப் போட்டு, வெளியே பாய்ந்தாள்.

லாரி நடுப்பாலம் வரைக்கும்தான் போனது. பாலம் முறிந்து, ஷம்ஷி சற்றுமுன் நின்ற இடத்தின் மேலேயே லாரியோடு விழுந்தது. கரை அதிர்ந்தது. புழுதி அடங்க வெகு நேரம் ஆனது.

ஷம்ஷி வெறிபிடித்தவனாய் ஓடிவந்து, தரையில் கிடந்தவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். மறு கையை ஓங்கினான்.

“அடிண்ணா,” என்றாள் பெகாயிம், வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு. “அடிக்க உனக்குக் கை மிச்சம் இருக்குல்ல, அடி.”