பெறாதவள் இட்ட சான்று

இரவு பெய்த மழையின் ஈரம் உலராத தெருக்களின்மேல் இளவெயில் பொன்னீர் தெளித்தாற்போல் பரவ, கடைகள் கதவு திறக்க, ஊர்திகள் ஒன்றையொன்று முந்தி விரைய, நகரின் நடுவே நின்ற வெண்ணிற மருத்துவமனை மட்டும் இரைச்சலுக்கிடையே கண்மூடிய துறவியைப்போல் அமைந்திருந்தது. அதன் மகளிர் கூடத்தில், மருந்து நெடியும் துவைத்த விரிப்பின் மணமும் கலந்து வீச, சன்னலோரக் கட்டிலருகே எழுதுகோலுடன் அமர்ந்திருந்தாள் ஒரு செவிலி. கட்டிலில் கிடந்தவள் அவள் ஓரகத்தி. கணவனுடைய தம்பியின் மனைவி.

படிப்போரே, பொறாமை என்பது நெருப்பன்று. உமிக்குள் கிடக்கும் கனல். மூத்தவள் மடி நிறையாதவள். பின்வந்த இளையவளோ ஓராண்டுக்குள் மகனைப் பெற்று மாமியாரின் கண்மணியானாள். இளையவள் தும்மினால் வீடே பதறும், மூத்தவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலோ, "நர்ஸுக்கே காய்ச்சலா?" என்று நகைத்துவிட்டு நகரும்.

இளையவளின் கருப்பையில் வளர்ந்த கட்டிக்கு அன்று அறுவை. மருத்துவர் விளக்கிச் சென்றார். அவளும் ஒப்புதல் தாளில் கையொப்பமிட்டாள். ஆயினும் நோயாளி தனக்கு நிகழப்போவதைத் தன் சொற்களால் சொல்லக் கேட்ட பின்னரே செவிலி சான்றொப்பம் இடவேண்டுமென்பது அவ்விடத்து வழக்கம். வேறொருத்தியை அனுப்ப வேண்டினாள் மூத்தவள்; எவர்க்கும் கை ஒழியவில்லை.

"உனக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு உன் வாயால சொல்லு, கேக்கறேன்."

"கட்டியை எடுக்கப் போறாங்க அக்கா. அப்புறம் அடுத்த வருஷம் ஒரு பொண்ணு பெத்துக்கணும். பேருகூட யோசிச்சு வெச்சுட்டேன்."

செவிலியின் கை நின்றது. தாளில் இருந்ததோ கருப்பையையே அகற்றுவதற்கான ஒப்புதல். மருத்துவர் விரைந்து பொழிந்த கலைச்சொற்களுக்கு, பெரியவர் பேச்சென்று தலையாட்டியிருக்கிறாள் பேதை. ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு கையொப்பம் இட்டால் போதும். இனி அவளும் தன்னைப்போல் ஆவாள். அவ்வெண்ணம் தேனில் தோய்த்த நஞ்சாய் நாவடியில் இனித்ததை அவள் மறுக்கவில்லை. வெட்கினாள்; வெட்கியும் சற்றுநேரம் சுவைத்திருந்தாள்.

பின்னர் எழுதுகோலை மூடினாள். "டாக்டர் சொன்னது உனக்குச் சரியா புரியல. திரும்ப வரச் சொல்றேன்."

"கையெழுத்துதான் போட்டாச்சே."

"தலையாட்டினதெல்லாம் சம்மதம் ஆகாது."

முகஞ்சுளித்து வந்த மருத்துவர், இம்முறை அமர்ந்து எளிய சொற்களில் விளக்கினார். கருப்பையைக் காத்துக் கட்டியை மட்டும் நீக்கும் வழியும் உண்டு. குருதி இழப்பு மிகலாம். சில திங்கள் மருந்துண்டு கட்டி சுருங்கக் காத்திருக்க வேண்டும் என்றார். அழுது ஓய்ந்த இளையவள் அவ்வழியையே தேர்ந்தாள். தேர்ந்தபின் மூத்தவளின் கையைப் பற்றி, "கர்ப்பப்பைக்கு ஆபத்துன்னு வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்க்கா" என்றாள்.

அன்று மாலை வீடறிந்தது ஒன்றே: நாள் குறித்த அறுவையை மூத்த மருமகள் தடுத்துவிட்டாள். மாமியார் சோறிட்டவாறே, "பெத்தவ வயித்தைப் பத்திப் பெறாதவளுக்கு என்ன தெரியும்? வயித்தெரிச்சல்" என்றாள். மருந்துச்சீட்டோடு வீடு திரும்பியிருந்த இளையவள் குனிந்த தலை நிமிரவில்லை. மூத்தவளின் நாநுனிவரை வந்து நின்றது உண்மை. ஆனால் அது நோயாளியின் உடைமை. செவிலி அதன் காவலாளியே. உடையவள் வாய் திறவாதபோது காவலாளி கதவைத் திறக்கலாகுமோ? சோற்றோடு அதனையும் விழுங்கினாள். வயிற்றெரிச்சல் என்ற சொல் முழுப்பொய்யும் அன்றே என்பதுதான் அவளைச் சுட்டது.

கட்டி நீங்கி, காலமும் உருண்டபின், அதே மருத்துவமனையில் இளையவளுக்குப் பெண் பிறந்தது. மகவின் மணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்டும் முறை அன்று மூத்தவளுடையது. உமிக்குள் கனல் அன்றும் கனன்றது, அணைந்ததென்று பொய்யுரையோம். ஆனால் அந்தத் தளிர்க்கையில் அவளிட்ட முடிச்சு, இறுகவும் இல்லை, நழுவவும் இல்லை.